தொட்டிக்கு மேலே நின்ற வெளிச்சம்

ஜனவரி 30, புதன்

பால் ஆறு லிட்டர். செவலை இன்னும் சரியாகத் தீனி எடுக்கவில்லை. போர்வெல் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டு வெறும் காற்றைத் துப்பியது. வடக்குத் தோப்பில் நாலு தென்னைக்கு மட்டை தொங்கிவிட்டது. இருபது வருடம் வளர்த்த மரம், பார்க்கவே வயிறு எரிகிறது.

உரக்கடைக்காரர் இந்த வருடமும் டைரி கொடுத்தார். காகிதம் போன வருடத்தைவிட மட்டம். இருந்தாலும் பதினெட்டு வருடப் பழக்கம், விட முடியுமா. காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு வந்து எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ராத்திரி களத்துக்குப் போய் வந்தேன். தூக்கம் கெட்டது.

பிப்ரவரி 2, சனி

பாசன சபைக் கூட்டம். நான் தலைவராகி ஐந்தாவது வருடம்.

எங்கள் கிளை வாய்க்காலில் பதினோரு மடை. ஒவ்வொரு மடையிலிருந்தும் ஒரு தோட்டத்துக்குத் தண்ணீர் திரும்பும். வாரத்தின் ஏழு நாளையும், ராத்திரியையும் சேர்த்து, நிலத்துக்குத் தக்கபடி மணிக்கணக்கில் பிரித்து முறை வைத்திருக்கிறோம். யார் முறையோ அவர் மடை மட்டும் திறந்திருக்கும். மற்ற மடைகளின் இரும்புப் பலகைக்குப் பூட்டு. அத்தனை பூட்டுக்கும் சாவி என் அரைஞாண் கயிற்றில். முறைக்காரர் தன் மடைச் சாவியை மட்டும் வாங்கிப் போய், முறை முடிந்ததும் திருப்பித் தருவார். அடுத்தவர் முறையில் கை வைத்தவர்கள் இரண்டு பேரை என் காலத்தில் சபையில் நிற்க வைத்திருக்கிறேன். அதனால் சிலருக்கு என்னைப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

இன்று கடைமடைத் தெய்வாத்தாள் அக்கா எழுந்தார். வீட்டுக்காரர் தவறி ஆறு வருடமாகத் தனியாக மூன்று ஏக்கர் பார்க்கிறார். அவர் முறை செவ்வாய் ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை.

"மூணு வாரமா இப்படித்தானுங்க தம்பி. பன்னண்டு மணிக்கு நல்லா வருது. ஒண்ணரைக்கு மேல நூலாட்ட ஆயிப்போகுது. மக்காச்சோளம் கருது புடிக்கற நேரம். இந்த மாசம் வுட்டா அப்பறம் தண்ணி வந்தும் ஒண்ணும் ஆகாது."

"கடைமடைன்னா அப்படித்தானுங்க்கா. வழியெல்லாம் மண்ணு மூடிக் கெடக்குது. தூர் வாரிட்டா சரியாப்போயிரும்" என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சொன்னால் எடுபடும். அக்கா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

பிப்ரவரி 6, புதன்

இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

ராத்திரி இரண்டு பத்து இருக்கும். களத்துக்குப் போயிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே ஒரு வெளிச்சம். ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த நிறம். எலுமிச்சம்பழத்தைக் கை நீட்டிப் பிடித்தால் தெரியும் அளவு. விமானம் இல்லை; பக்கத்திலேயே விமானப்படைத் தளம் இருக்கிறது, எனக்கு விமான விளக்கு தெரியாதா. சத்தமே இல்லை. நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் நின்றது. அப்புறம் மெதுவாக இறங்கித் தொட்டிக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பயந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் பயந்தேன். செருப்பைக்கூட விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பால் ஐந்தே முக்கால்.

பிப்ரவரி 7, வியாழன்

யாரிடமும் சொல்லக் கூடாது என்று நினைத்துத்தான் பேக்கரிக்குப் போனேன். முதல் டீ முடிவதற்குள் சொல்லிவிட்டேன்.

மத்தியானத்துக்குள் நாலு தடவை சொல்லியாயிற்று. ஒவ்வொரு தடவையும் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்கள். ஒன்பதாவது மடை மாரப்பன் எனக்கு மாப்பிள்ளை முறை. அவன் வாய் சும்மா இருக்குமா.

"ஏனுங் மாமா, வந்தவிய உங்களைக் கூட்டிட்டுப் போகாம வுட்டுட்டாங்களா?"

பக்கத்தில் இருந்த ஒருவர், "கூட்டிட்டுப் போயிருந்தா அங்கயும் ஒரு சபை ஆரம்பிச்சுச் சாவியை வாங்கிருப்பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அது சரிங் மாமா, ரெண்டு மணிக்குக் களத்துல என்ன சோலி?"

"கொப்பரை காயப் போட்டிருக்குதப்பா. பனி எறங்குச்சுன்னா தார்ப்பாய் இழுத்து மூடோணுமில்ல?"

சரிதான் என்று ஒப்புக்கொண்டான். டீ குடித்த இடத்தில் ஒரு பத்திரிகைத் தம்பியும் இருந்திருக்கிறார். அப்புறம்தான் தெரிந்தது.

பிப்ரவரி 9, சனி

மாலைப் பேப்பரில் என் படம். 'வானில் மர்ம ஒளி, விவசாயி அதிர்ச்சி.' நான் அதிர்ச்சி அடைந்ததாக யாரிடமும் சொல்லவில்லை. படத்தில் மூக்கு பெரிதாக விழுந்திருக்கிறது.

கலாமணி பேப்பரை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து டி.வி. மேல் வைத்தாள்.

"பேப்பருல வந்துட்டீங்க. இனி நீங்க களத்துக்குப் போறப்பெல்லாம் நாலு பேரு பாப்பாங்க" என்றாள்.

வாழ்த்தினாளா, வேறு ஏதாவது சொன்னாளா என்று விளங்கவில்லை. முப்பது வருடம் குடும்பம் நடத்தியும் இவள் பேச்சு பாதி எனக்குப் பிடிபடுவதில்லை.

பிப்ரவரி 11, திங்கள்

விமானப்படையிலிருந்து ஜீப் வந்தது. தெருவே வாசலில் நின்றது.

வந்தவர் ஒரு பெண் அதிகாரி. ஸ்குவாட்ரன் லீடர் பெனிட்டா என்று சொன்னார். நாகர்கோவில்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். கலாமணி டீ போடப் போனதும், "மோர் இருந்தா குடுங்க, அது போதும்" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். நல்ல மாதிரி. கேள்விதான் விடாமல் கேட்டார். எந்தத் திசை, எவ்வளவு நேரம், இமை கொட்டினீர்களா, கண்ணாடி போட்டிருந்தீர்களா.

"தொட்டி உச்சிக்கு மேல எவ்வளவு உயரம்?"

"அது எப்படிங்க சொல்றது?"

கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கச் சொன்னார். தொட்டிக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் எத்தனை முஷ்டி நிற்கும் என்று கேட்டார். கண்ணை மூடி யோசித்து, அரை முஷ்டி என்றேன். எழுதிக்கொண்டார். ராணுவத்தில் இவ்வளவு எளிய கணக்கு வைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

"எங்க நின்னு பாத்தீங்க?"

"களத்துல நின்னுதானுங்க. நான் அன்னன்னைக்கு எழுதி வெச்சிருவேன். எம்பட டைரில ஒரு வார்த்தை பொய் இருக்காது."

அடங்காத வாய்தான் இது. டைரியைப் பார்க்கலாமா என்றார். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொண்டார். ராணுவக் கோப்பில் என் டைரி. பெருமையாகத்தான் இருந்தது, ஆனாலும் காட்டாமல் இருந்திருக்கலாம்.

வேறு யாராவது பார்த்தார்களா என்று விசாரிக்க வேண்டும் என்றார். நானே கூட்டிக்கொண்டு போனேன். ஐந்து வீடு. எல்லோரும் தூங்கியிருக்கிறார்கள். திரும்பும்போது வாய்க்காலின் கடைசியில் தெரிந்த ஓட்டு வீட்டைக் காட்டி, "அது?" என்றார்.

"அங்க ஒரு அம்மா தனியா இருக்குதுங்க. பொழுதோட படுத்துக்கும். கண்ணும் அவ்வளவாத் தெரியாதுங்க."

தெய்வாத்தாள் அக்காவுக்குக் கண் நன்றாகவே தெரியும். ஆபீசரின் நேரத்தை எதற்கு வீணாக்குவது என்று நினைத்தேன்.

பிப்ரவரி 13, புதன்

பால் ஐந்தரை. ராத்திரி களத்துக்குப் போகவில்லை. மட்டை தொங்கும் மரம் இப்போது எட்டு.

பால் சொசைட்டியில் தெய்வாத்தாள் அக்கா எனக்கு முன்னால் வரிசையில் நின்றார்.

"தம்பி, நேத்து ராத்திரி நாலு மணி வரைக்கும் தண்ணி கொறையாம வந்துச்சுங்க. தூர் வாராமயே வந்துச்சு."

"அப்படிங்களா, நல்லதாப் போச்சுங்க்கா" என்றேன்.

அவர் கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொசைட்டிக்காரர் என் பால் தண்ணீராக இருக்கிறது, டிகிரி குறைகிறது என்று சண்டைக்கு வந்தார். இன்றைக்கு எல்லோருக்கும் நான்தான் கிடைத்தேன்.

பிப்ரவரி 15, வெள்ளி

ஆபீசர் மறுபடியும் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், மாலை நாலு மணிக்கு. கையில் திசைகாட்டி, ஒரு பெரிய வரைபடம். களத்தைக் காட்டச் சொன்னார்.

களத்தின் நடுவில் கொப்பரையை மிதிக்காமல் நின்று, நான் நின்ற இடத்தில் என்னை நிற்கச் சொன்னார். தொட்டியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். களத்திலிருந்து பார்த்தால் தொட்டி நேர் வடக்கே, தென்னைகளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். திசைகாட்டியை வைத்துப் பார்த்தார். வரைபடத்தைத் தார்ப்பாய் மேல் விரித்து, களத்திலிருந்து தொட்டி வழியாக ஒரு கோடு போட்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"அய்யா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அந்த வெளிச்சத்தப் பாத்தது நீங்க மட்டும் இல்ல. எங்க காவல் கோபுரத்துல ஒருத்தர் பாத்தாரு. சார்ஜென்ட் பெஹரா. ஒடிசாக்காரரு, பதினேழு வருச சர்வீஸ். அதே நேரம், அதே நிறம். ஓடுதளத்துக்குப் பக்கமா வருதுன்னு நெனச்சு அலாரம் அடிச்சாரு. எறங்க இருந்த ஒரு விமானத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதாப் போச்சு."

"நல்ல காரியந்தானுங்க?"

"வெளிச்சம் இருந்திருந்தா நல்ல காரியம். வேற யாரும் பாக்கல. ராடார்லயும் இல்ல. தூங்கிட்டுக் கனவு கண்டு அலாரம் அடிச்சாருன்னு விசாரணை நடக்குது. நீங்க பாத்தீங்கன்னு பேப்பர்ல வந்ததும் நான் சந்தோசப்பட்டேன். ரெண்டு பேரு, ரெண்டு இடத்துல இருந்து பாத்தா ரெண்டு கோடும் ஒரு இடத்துல வெட்டும். வெட்டுற இடத்துலதான் அது இருந்திருக்கும்."

அவர் கோபுரத்திலிருந்தும் ஒரு கோடு போட்டிருந்தார். தளம் எங்கள் ஊருக்குத் தென்கிழக்கே. பெஹரா காட்டிய திசையும் நேர் வடக்கு. இரண்டு கோடும் ரயில் தண்டவாளம் போலப் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தன.

"எங்கயும் வெட்டலங்க" என்றார் ஆபீசர். "உங்க வாக்குமூலம் அவருக்கு உதவும்னு நெனச்சேன். இப்ப இத வச்சே அவரு சொன்னது பொய்யின்னு முடிச்சிருவாங்க. வேலை போயிரும். பென்சனும் கெடையாது."

மோர் கொண்டு வந்த கலாமணி களத்து ஓரத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

"நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. இங்கதான் நின்னீங்களா?"

"இங்கதானுங்க" என்றேன்.

பிப்ரவரி 16, சனி

பால் ஆறு. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 18, திங்கள்

கலாமணி துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டாள். என் பழைய லுங்கியைப் பிரித்துக் காட்டினாள். முழங்கால் அளவுக்குச் செம்மண் கறை.

"நாலு தடவை அலசிட்டேன், போகலீங்க. நம்ம களம் சிமெண்டுக் களம். அதுல ஏதுங்க சேறு?"

நான் கறையை விரலால் சுரண்டிப் பார்த்தேன்.

"நான் கேக்காம இருந்தது தெரியாம இல்லீங்க. மரம் போகுதேன்னு நீங்க படற பாடு எனக்கும் தெரியும். ஆனா அந்த ஒடிசாக்காரரு வூட்லயும் ஒருத்தி இருப்பா."

அவள் துவைக்கப் போய்விட்டாள். நான் தோப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இந்த டைரியில் ஒரு வார்த்தை பொய் இருக்காது என்று ஆபீசரிடம் சொன்னேன். பதினெட்டு வருடத்தில் பொய் எழுதியது ஒரே ஒரு வாக்கியம். அதை நாலு தடவை எழுதியிருக்கிறேன். களத்துக்குப் போனேன் என்று எழுதிய நாலு ராத்திரியும் நான் போனது வாய்க்காலுக்கு. களத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். அங்கே மூன்றாவது மடை என்னுடையது. ஒன்றரை மணிக்குப் போய்ப் பூட்டைத் திறந்து, பலகையை நாலு விரல் அளவு தூக்கி வைத்துவிட்டு, மூன்று மணிக்கு மறுபடி இறக்கிப் பூட்டிவிட்டு வருவேன். நாலு விரல்தானே என்று நினைப்பேன். அன்றைக்கு மட்டும் பயத்தில் பலகையை இறக்கிப் பூட்டிய கையோடு ஓடி வந்துவிட்டேன்.

அந்த நேரம் தெய்வாத்தாள் அக்காவின் முறை. தனியாக இருக்கிறவர், கேட்க ஆள் இல்லை என்பதால்தான் அந்த முறையைத் தேர்ந்தெடுத்தேன். இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

மடையில் நின்று பார்த்தால் தொட்டி வடக்கே தெரியாது. கிழக்கே தெரியும்.

பிப்ரவரி 20, புதன்

ஆபீசருக்குப் போன் செய்தேன். இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

"இருட்டுல கொஞ்சம் தள்ளி நின்னிருப்பனாட்ட இருக்குதுங்க."

"எவ்வளவு தள்ளி?"

"ஒரு அம்பது, அறுவது அடி இருக்குமுங்க."

"அம்பது அடியில கோடு மாறாதுங்க அய்யா."

சனிக்கிழமை விசாரணை முடிகிறது என்று சொல்லிவிட்டு, கோபமில்லாமல், போனை வைத்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அரைஞாண் கயிற்றில் சாவி குத்திக்கொண்டே இருக்கிறது. இத்தனை நாள் குத்தியதில்லை.

பிப்ரவரி 22, வெள்ளி

காலை எட்டு மணி பஸ்ஸில் தளத்துக்குப் போனேன். கலாமணி வெளுத்த வேட்டி எடுத்து வைத்திருந்தாள். எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை.

வாசலில் ஆதார் அட்டையைக் காட்டி, பெயர் எழுதி, ஒரு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெஞ்சின் மறு ஓரத்தில் சீருடையில் ஒருவர். காதோரம் நரை. இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையில் பெயர்ப் பட்டை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். பெஹரா.

அவருக்கு என்னைத் தெரியாது. எனக்கு இருமல் வந்தது. அவர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். வாங்கிக் குடித்தேன். மூடியைத் திருகித் திருப்பிக் கொடுத்தேன்.

உள்ளே கூப்பிட்டதும் நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"நான் களத்துல நிக்கலீங்க. வாய்க்காலு மூணாவது மடைல நின்னேன்."

ஆபீசர் வரைபடத்தை விரித்தார். மடை எங்கே என்று விரல் வைத்துக் காட்டினேன். மடையிலிருந்து தொட்டி வழியாக அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தார். கோடு கிழக்கே போனது. ஊரைத் தாண்டி, பழைய கல்குவாரிக்கு மேலே பெஹராவின் கோட்டை வெட்டியது. ஆபீசர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். அவருக்கும் அது பாரமாகத்தான் இருந்திருக்கிறது.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து சில காகிதங்களை எடுத்தார். என் டைரிப் பக்கங்கள். நாலு இடத்தில் பென்சில் வட்டம். ஜனவரி பதினாறு, இருபத்து மூன்று, முப்பது, பிப்ரவரி ஆறு.

"நாலும் புதன்கிழமை. கொப்பரைக்கு வாரத்துல ஒரு நாள்தான் பனி விழுமா?"

"அப்பவே தெரிஞ்சுதுங்களா?"

"ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுது. எங்க நின்னீங்கன்னு தெரியல. அத நானா எழுத முடியாது."

வாக்குமூலத்தை என் கைப்பட எழுதச் சொன்னார். நின்ற இடம், நேரம், பார்த்தது எல்லாம் எழுதினேன்.

"அங்க எதுக்கு நின்னீங்கன்னும் எழுதணும்."

"அது வேணுங்களா?"

"அந்த நேரத்துல வாய்க்காலுக்கு எதுக்குப் போனாருன்னு முதல் கேள்வியே அதான் வரும். பதில் இல்லன்னா இதையும் நம்ப மாட்டாங்க."

'தெய்வாத்தாளின் முறைத் தண்ணீரை எடுக்க' என்று எழுதினேன். நான் படித்துப் பார்த்தேன். 'எடுக்க' என்பதை அடித்துவிட்டு 'திருட' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது பெஹரா எழுந்து நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. கும்பிட்டேன். ஏன் என்று புரியாமல் அவரும் கும்பிட்டார்.

பிப்ரவரி 23, சனி

நாளைக்குச் சபை கூடச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டும் என்று கடைமடைக்குப் போனேன்.

தெய்வாத்தாள் அக்கா மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். மக்காச்சோளம் பாதிக் காடு மஞ்சளாகக் கிடந்தது. தண்ணீர் பார்த்த பாதியும் பார்க்காத பாதியும் வரப்பு போடாமலே தனித்தனியாகத் தெரிந்தன. என் நாலு விரல் அங்கே எவ்வளவு என்று அப்போதுதான் பார்த்தேன்.

"வாங்க தம்பி. சொல்ல வந்ததைச் சொல்லுங்க, நின்னுட்டே இருக்கறீங்க."

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவர் அரிவாளை வைத்துவிட்டுக் கேட்டார்.

"எனக்குத் தெரியுமுங்க."

நான் நிமிர்ந்தேன்.

"மூணு வாரம் பாத்தேன். நாலாவது வாரம், தண்ணி எங்க கொறையுதுன்னு வாய்க்காலோடயே மேல நடந்து வந்தேன். ஏழாவது மடைப் பாலத்துக்கிட்ட வரும்போது ரெண்டு வெளிச்சம் பாத்தனுங்க. ஒண்ணு மேல, குவாரிப் பக்கம். அது என்னன்னு எனக்குத் தெரியல. ஒண்ணு கீழ, மூணாவது மடைல, தலைல கட்டற பேட்டரி லைட்டு. அது யாருன்னு தெரிஞ்சுது."

"அப்பறம் ஏனுங்க்கா சொல்லல?"

"யாருகிட்டச் சொல்றதுங்க? சாவியும் உங்ககிட்ட, முறை நோட்டும் உங்ககிட்ட, சபையும் உங்குளுது. நான் சொன்னா கடைமடைக்காரி பொலம்பறான்னுதான் சொல்லுவாங்க." அரிவாளை மறுபடி எடுத்துக்கொண்டார். "ராணுவத்து அம்மா வந்துச்சுன்னாங்க. ஊடு ஊடாக் கேக்குதுன்னாங்க. சரி, நம்ம ஊட்டுக்கும் வரும், ரெண்டையும் சொல்லிரலாம்னு தலை சீவி உக்காந்திருந்தேன். வரவே இல்லீங்க."

கண் தெரியாது என்று நான் சொன்னதை மட்டும் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அதையும் சொன்னேன். அழுதுவிட்டேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. தட்டு வெட்டும் சத்தம் தெரு திரும்பும் வரை கேட்டது.

பிப்ரவரி 24, ஞாயிறு

சபையில் நடந்ததை எழுதப் போவதில்லை.

நான் முன்பு இரண்டு பேரை நிற்க வைத்த அதே இடத்தில் நின்றேன். தலைவர் பொறுப்பு போனது. நாலு வாரத்துக்கு என் முறை முழுவதும் கடைமடைக்கு. எட்டு மரமும் போய்விடும், இன்னும் சிலதும் போகலாம். சாவி யாரிடம் இருப்பது என்று பேச்சு வந்தபோது மாரப்பன் எழுந்து, கடைசியில் இருப்பவரிடம் இருந்தால்தான் முதலில் இருப்பவன் ஒழுங்காக இருப்பான் என்றான். அவன் இப்படிப் பேசுவான் என்று எனக்குத் தெரியாது. அரைஞாணிலிருந்து அவிழ்த்துத் தெய்வாத்தாள் அக்காவிடம் கொடுத்தேன். முடிச்சு இறுகிப் போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 27, புதன்

பால் ஆறேகால். செவலை தீனி எடுக்கிறது.

நேற்று சாயங்காலம் பெனிட்டா மேடம் போன் செய்தார். பெஹரா மறுபடியும் கோபுரத்தில் டியூட்டிக்குப் போய்விட்டாராம்.

"அந்த வெளிச்சம் என்னதானுங்க?"

"தெரியலங்க அய்யா. குவாரி முழுக்கத் தேடினோம், ஒண்ணும் கெடைக்கல. அடையாளம் தெரியாததுன்னே எழுதி முடிச்சிட்டேன். அங்க ஒண்ணு இருந்துச்சு, அது மட்டும் நிச்சயம்."

பிறகு, இன்னொரு சாட்சியையும் பார்த்துப் பேசியதாகச் சொன்னார். வாய்க்கால் கடைசியில் இருக்கும் ஓட்டு வீட்டு அம்மா. நல்ல கண் பார்வை என்றார். நான் ஆமாங்க என்றேன்.

ராத்திரி களத்துக்குப் போனேன். களத்துக்குத்தான். கொப்பரை மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்தேன். கலாமணியும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தொட்டிக்கு மேலே நட்சத்திரம் தவிர ஒன்றும் இல்லை.

வாய்க்கால் கரையில் கடைமடைப் பக்கமிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் மெதுவாக மேலே ஏறி வந்தது. ஒவ்வொரு மடையிலும் நின்று நின்று வந்தது. மூன்றாவது மடையில் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. என் பூட்டை இழுத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு வந்த வழியே திரும்பிப் போனது.

நேரம் இரண்டு மணி ஏழு நிமிடம். நின்ற இடம், களம்.